பட்டிக்கும் காட்டுக்கும் பொதுவான புழு

கேள்வி: நாங்கள் முதுமலைக் காட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கிறோம். முப்பத்திரண்டு வெள்ளாடுகள் வைத்திருக்கிறோம். ஊருக்குக் கீழே இருக்கும் குட்டையில்தான் எங்கள் ஆடுகள் தண்ணீர் குடிக்கும். சாயங்காலம் புள்ளிமான்களும் அங்கே வரும். இந்த ஆண்டு மழை விட்ட பிறகு மூன்று ஆடுகளுக்குக் கீழ்த்தாடை வீங்கியது. கழிச்சல் இல்லை. இரண்டு இறந்துவிட்டன. அதே வாரத்தில் குட்டைக்கு அருகே ஒரு மானும் செத்துக் கிடந்தது. வனத்துறை மருத்துவர் அதை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் புழு நிறைய இருந்ததாக அருகில் நின்றவர்கள் சொன்னார்கள். மான்கள்தாம் எங்கள் ஆடுகளுக்குப் புழுவைக் கொடுக்கின்றனவா? உப்புக் கட்டியில் குடற்புழு மருந்தைக் கலந்து குட்டைக் கரையில் வைத்தால் மானுக்கும் நல்லது, ஆட்டுக்கும் நல்லது என்கிறார் என் கொழுந்தனார். வைக்கலாமா? கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், மான் புழுக்கையை எடுத்து ஆராயலாமா என்றும் கேட்கச் சொன்னாள்.
— வாசகி ஒருவர், நீலகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கொழுந்தனாரின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உப்புக் கட்டியில் மருந்து கலந்து வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதற்கான காரணங்களைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதைவிட அவசரமானது தாடை வீங்கிய மூன்றாவது ஆடு. அதை நடத்திக் கூட்டிப் போகாமல் வண்டியில் ஏற்றிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் வற்றிப்போன ஆடு சிறிது தூரம் விரட்டப்பட்டாலே மூச்சு வாங்கி விழுந்துவிடும்.

மழை விட்ட சில வாரங்களில், கழிச்சல் இல்லாமலேயே, கீழ்த்தாடையில் நீர் கோத்து ஆடு சாகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஹீமான்கஸ் கன்டார்டஸ் என்ற உருண்டைப் புழுவைத்தான். அசைபோடும் விலங்கின் நான்காம் இரைப்பையில் அது குடியிருக்கும். ஒருமுறை, இறந்து சில மணி நேரமே ஆகியிருந்த புள்ளிமான் ஒன்றின் நான்காம் இரைப்பையை நீளவாக்கில் அறுத்து வெள்ளைத் தட்டில் விரித்தேன். உள்ளே இருந்தது காப்பிப்பொடி கலந்த கஞ்சியைப் போன்ற பழுப்பு நீர். அதை அலசிக் கொட்டிய பிறகுதான் சவ்வின் மடிப்புகளுக்கு இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் நூல் நூலாகப் புழுக்கள் நெளிவது தெரிந்தது. பெண் புழுவை உருப்பெருக்கியில் பார்த்தால் இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைச் சூலகம் முறுக்கிக்கொண்டு போவது தெரியும். சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய கயிறு போலவே இருக்கும். வெள்ளாட்டின் வயிற்றில் இருந்து எடுத்த புழுவை அதன் பக்கத்தில் வைத்திருந்தால் எது எங்கிருந்து வந்தது என்று வெறும் கண்ணால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

இந்தப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தைப் போக்கிவிடுகிறது. கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் அது நாளுக்கு 50 மில்லிலிட்டர் ஆகிறது. இருபது கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் மொத்தமே சுமார் 1.4 லிட்டர் இரத்தம்தான் உண்டு; ஆகவே நான்கு வாரங்களில் அது தன் மொத்த இரத்தத்தின் அளவுக்கு இழந்துவிடுகிறது. எலும்பு மச்சை புதிய இரத்தத்தை ஊறவைத்து ஈடுகட்டிக்கொண்டே வரும். தீனியில் இரும்பும் புரதமும் போதாதபோது அந்த ஈடு முறிந்துவிடும். இரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் நாளங்களை விட்டுக் கசிந்து, மேயும்போது தலை தாழ்ந்திருப்பதால், தாடைக்கு அடியில் வந்து தங்குகிறது. நீங்கள் பார்த்த வீக்கம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் குட்டைக் கரையில் மேயும் ஆடு என்பதால் இன்னொரு சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நத்தை வழியாகப் பரவும் கல்லீரல் தட்டைப்புழுவும் இதே வீக்கத்தைத் தரும். அதற்கு மருந்து வேறு. சாணப் பரிசோதனை செய்யாமல் கடையில் மருந்து வாங்கி ஊற்றாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி மானிடம் வருவோம். செத்த மானின் வயிற்றில் புழு இருந்தது என்பதால் மான் புழுவால் செத்தது என்றாகிவிடாது. காட்டில் வாழும் அசைபோடும் விலங்கு எதை அறுத்தாலும் ஏதாவது ஒட்டுண்ணி இருக்கும். புழுவே இல்லாத மானைக் கண்டால்தான் நான் வியப்பேன். ஒரு மந்தையில் எல்லா விலங்குகளுக்கும் புழு சமமாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் சொற்பமாகவும், ஒரு சிலவற்றில் ஏராளமாகவும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வையே ஒட்டுண்ணி வாழ்க்கையின் அடையாளமாக வைத்து, அதற்குக் கணக்கியல் வடிவம் கொடுத்தவர் கிராஃப்டன் என்ற ஆய்வாளர். 1971இல் வந்த அவருடைய கட்டுரைக்குப் பிறகு இத்துறையின் போக்கே மாறியது. கிழடு, குட்டி, சினை, காயம்பட்டது, பட்டினி கிடந்தது ஆகியவற்றில்தான் பெரும்பாலும் புழு மிகும். செத்து விழுகிறவையும் அவையே. எனவே செத்த மானை மட்டும் வைத்து மந்தையின் நிலையை எடைபோடுவது, ஆஸ்பத்திரிப் படுக்கையைப் பார்த்துவிட்டு ஊரின் ஆரோக்கியத்தைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மானிடமிருந்து ஆட்டுக்குப் புழு வர முடியுமா என்றால், முடியும். ஆட்டிடமிருந்து மானுக்கும் போக முடியும். பெண் ஹீமான்கஸ் ஒன்று நாளுக்கு 5,000 முதல் 10,000 வரை முட்டை இடுகிறது. அவை புழுக்கையோடு தரையில் விழுந்து, வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்து இளம்புழுக்களாகிவிடும். அந்தப் பருவத்தில் அவை எதையும் தின்பதில்லை. முந்திய பருவத்துச் சட்டையைக் கழற்றாமல் போர்த்திக்கொண்டு, சேமித்து வைத்த சத்தில் உயிர்வாழும். புல்லின் மீது படிந்த பனித்துளிப் படலத்தில் சில அங்குலம் மேலே ஏறி, யார் வாயாவது வராதா என்று காத்திருக்கும். வருகிற வாய் மானுடையதா ஆட்டினுடையதா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. விழுங்கப்பட்ட மூன்று வாரங்களில் அது தானும் முட்டை இடத் தொடங்கிவிடும்.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் முப்பத்திரண்டு ஆடுகள் தினமும் அதே கரையில், அதே மேய்ச்சல் துண்டில், பகல் முழுவதும் புழுக்கை போடுகின்றன. மான் கூட்டமோ மாலையில் வந்து, குடித்து, கொஞ்சம் மேய்ந்துவிட்டு அகன்றுவிடும்; மழைக்குப் பின் எங்கு பார்த்தாலும் பசும்புல் இருப்பதால் ஒரே இடத்தில் தங்கவும் அதற்குத் தேவையில்லை. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மேயவைக்கும் பழக்கம்தான் புழுவுக்கு வாழ்வு. போதாக்குறைக்கு வெள்ளாடு இயல்பில் தழை கடிக்கும் பிராணி. தலைக்கு மேலே உள்ள கிளையை எட்டித் தின்று பழகிய அதன் உடல், புல்லடிப் புழுவை எதிர்க்கும் திறனைச் செம்மறி அளவுக்கு வளர்த்துக்கொள்ளவில்லை. தழை கிடைக்காமல் குட்டைக் கரையின் கட்டைப் புல்லைக் கறம்பும் வெள்ளாட்டுக்கு நோய் வருவதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் ஊரில் மான்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. பட்டியிலிருந்து காட்டுக்குப் போன புழுதான் அதிகமாக இருக்கும் என்றே கருதுகிறேன்.

இதற்கு ஒரு நல்ல சான்று இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறது. அங்கே காட்டு மான்களின் நான்காம் இரைப்பைப் புழுக்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். ரோ மான் என்ற சிறிய மான் இனத்தில் இருந்த ஹீமான்கஸ் புழுக்களில், பென்சிமிடசோல் வகை மருந்துக்குக் கட்டுப்படாத மரபணு மாற்றம் இருந்தது. அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் இந்த வகையைச் சேர்ந்தவையே. காட்டு மானுக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை என்கிறபோது, மருந்துக்கு அசையாத புழு அதன் வயிற்றில் எப்படி வந்தது? மருந்து ஊற்றி ஊற்றி வடிகட்டப்பட்ட புழு பண்ணை ஆடுமாடுகளிடமிருந்து புல் வழியாக மானுக்குப் போயிருக்கிறது என்பதே பொருந்தும் விளக்கம். அப்படிப் போன புழுவை வேலி தாண்டும் மான் அடுத்த பண்ணைக்கு எடுத்துச் செல்லவும் கூடும் என்பதையும் அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். இந்த வகையின் முதல் மருந்தான தயபெண்டசோல் 1961இல் சந்தைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1964இல், அதற்கு அசையாத புழு ஆடுகளில் பதிவாகிவிட்டது.

உப்புக் கட்டி விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம். நக்குவதில் அளவு கிடையாது. கொம்பு பெரிய கிடா அரை மணி நேரம் நக்கும். ஒதுங்கி நிற்கும் குட்டிக்கு இரண்டு நக்கு கிடைத்தால் அதிகம். அரை அளவு மருந்து புழுவைக் கொல்லாது. வலுவில்லாத புழுக்களை மட்டும் களைந்து வலுவுள்ளவற்றை விதைக்கு விட்டு வைக்கும். அடுத்த ஆண்டு உங்கள் ஆட்டுக்கே அந்த மருந்து பலிக்காது. அந்த உப்பை மான் மட்டும் நக்கும் என்பதற்கும் உறுதியில்லை. காட்டெருமையும் யானையும் முயலும் வரும். ஐவர்மெக்டின் போன்ற மருந்தானால் அதில் பெரும்பகுதி சிதையாமல் சாணத்தில் வெளியேறி, சாண வண்டுகளின் புழுப்பருவத்தைக் கெடுக்கிறது. சாணத்தை உருட்டி மண்ணுக்குள் புதைத்து, இளம்புழு புல்லுக்கு ஏறவிடாமல் தடுக்கும் கூலியில்லா வேலைக்காரர்கள் அந்த வண்டுகள். கால்நடைக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து பிணத்தின் வழியே பாறு கழுகுகளை எப்படி அழித்தது என்பதையும், 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடை செய்ததையும், இன்னும் கழுகு பறக்கும் உங்கள் பகுதியினருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மருந்தைச் சரியான அளவில், ஒவ்வொரு விலங்காகப் பிடித்துக் கொடுத்தாலும் விளைவு நாம் நினைத்தபடி இருப்பதில்லை என்பதைத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வு காட்டியது. எசென்வா, ஜோலஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே காட்டெருமைகளில் ஒரு பாதிக்குப் புழு மருந்து கொடுத்து, மறுபாதியைச் சும்மா விட்டு, சில ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவற்றுக்கும் பெறாதவற்றுக்கும் மாட்டுக் காசநோய் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் தொற்றியது. ஆனால் மருந்து பெற்றவை காசநோய் வந்த பிறகும் நெடுநாள் உயிரோடு இருந்தன. தனி விலங்குக்கு அது நன்மை. மந்தைக்கோ, நோயைச் சுமந்துகொண்டு நடமாடும் விலங்கு கூடுதல் காலம் மற்றவற்றோடு கலந்திருந்தது. அதனால் நோய் பரவும் வாய்ப்பு பெருகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்த உதவியும் இப்படித் திரும்பக்கூடும்.

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் கலைமான்களை வைத்துச் செய்த சோதனை வேறொன்றைச் சொல்கிறது. ஓநாய் போன்ற வேட்டை விலங்கு அங்கே மந்தையைக் கட்டுப்படுத்துவதில்லை. பெண் மான்களுக்குப் புழு நீக்கியபோது அவை கன்று ஈனும் வாய்ப்பு கூடியது. வயிற்றுப் புழு சத்தமில்லாமல் மந்தையின் பெருக்கத்தை மட்டுப்படுத்தி வந்திருக்கிறது என்பது 2002இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. புலியும் செந்நாயும் இருக்கும் முதுமலையில் கணக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆயினும் காட்டு விலங்கின் புழுவை நோய் என்று மட்டும் பார்த்து ஒழிக்கப் புறப்படுவது அறிவியலாகாது. சட்டமும் இதற்கு இடம் கொடுக்காது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி காட்டு விலங்குக்கு நஞ்சோ மருந்தோ வைத்தவர் என்ற சந்தேகத்துக்கு ஆளாவதே உங்கள் குடும்பத்துக்குப் பெரிய தலைவலியாகிவிடும்.

ஆகவே செய்யவேண்டியதெல்லாம் பட்டியில்தான். பத்துப் பன்னிரண்டு ஆடுகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஆட்டின் அடையாளத்தை எழுதி, அன்றைக்கே மருந்தகத்திலோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ கொடுங்கள். மருந்து முடிவானதும் ஆட்டை எடை போட்டு அளவு கேளுங்கள். வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளை விரைவாகக் கழித்துவிடுவதால் செம்மறிக்கான அளவு அதற்குப் போதாமல் போகலாம். புதிதாகச் சினைப்பட்ட ஆட்டுக்கு அல்பெண்டசோல் கூடாது என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். கறவை ஆடாக இருந்தால் எத்தனை நாள் பால் எடுக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து முதல் பதினான்கு நாள் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 விழுக்காடாவது குறையவில்லை என்றால் அந்த மருந்துக்கு உங்கள் பட்டிப் புழு பழகிவிட்டது என்று பொருள். அதையே மேலும் ஊற்றிப் பயனில்லை.

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றுவது என்ற வழக்கத்தையும் கைவிடலாம். தென்னாப்பிரிக்காவில் உருவான எளிய முறை ஒன்று உண்டு. கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்து உட்சவ்வின் நிறத்தைப் பார்க்க வேண்டும்: நல்ல சிவப்பு என்றால் விட்டுவிடலாம், வெளுத்த இளஞ்சிவப்பு என்றால் மருந்து வேண்டும், காகிதம் போல் வெளுத்திருந்தால் மருத்துவரே வர வேண்டும். நிழலில் பார்க்காதீர்கள், வெயிலில் நிறுத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சிவந்த இமையுள்ள ஆடுகளை மருந்தில்லாமல் விடுவதால், மருந்துக்குப் பணியும் புழு கொஞ்சம் உயிரோடு இருந்து, பணியாத புழுவோடு கலந்து அதன் ஆதிக்கத்தைத் தடுக்கும். புழுவைக் காப்பாற்றச் சொல்கிறாரே இந்த மருத்துவர் என்று உங்கள் கொழுந்தனார் சிரிக்கக்கூடும்; சிரிக்கட்டும்.

பனி உலரும் முன் ஆட்டை அவிழ்க்காதீர்கள். குட்டைக் கரைப் புல்லில் மேயவிடாமல் தழை வெட்டிப் போடுங்கள். முடிந்தால் குட்டை நீரைத் தொட்டியில் இறைத்து மேட்டில் வைத்துக் காட்டுங்கள். இதனால் தட்டைப்புழுவின் தொல்லையும் குறையும், மானோடு வாய் கலப்பதும் குறையும்.

நாய் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆடு மேய்ப்பவர்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆடு அறுக்கும்போது நீர்க்கட்டி உள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறியும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அக்கட்டிகளைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை கலந்த புல்லை மேயும் ஆட்டுக்கும் மானுக்கும் மறுபடி கட்டி வரும். இவற்றில் எக்கினோகாக்கஸ் என்ற வகை மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாக வளரக்கூடியது. உறுப்புகளை ஆழக் குழிவெட்டிப் புதைத்துவிட்டு, நாய்க்கு மருத்துவரிடம் நாடாப்புழு மருந்து வாங்கிக் கொடுங்கள். செத்த மானின் பக்கம் நாயை அண்டவிடாதீர்கள். நீங்களும் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகளின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. மானைத் தொடாமல், மயக்காமல், புழுக்கையைக் கொண்டே அதன் ஒட்டுண்ணிகளை அறியும் வழி இன்று உலகம் முழுவதும் கையாளப்படுகிறது. ஆனால் சரணாலய எல்லைக்குள் ஆய்வுக்காக நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை; கல்லூரி வழியாக விண்ணப்பிப்பதே முறை. எல்லைக்கு வெளியே என்றாலும் வனச்சரக அலுவலகத்தில் சொல்லாமல் எடுக்க வேண்டாம். விடியற்காலையில் குட்டைக் கரைக்குத் தனியாகப் போகவும் வேண்டாம். அந்த நேரத்தில் அங்கே யானை நிற்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அனுமதி வரும்வரை அவள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆட்டுப் புழுக்கையிலேயே கையைப் பழக்கிக்கொள்ளலாம். இனி மேலும் கரையாது என்னும் அளவுக்குச் சமையல் உப்பைக் கரைத்த நீரில் புழுக்கையை மசித்து, வடிகட்டி, குழாயில் விளிம்புவரை நிரப்பிக் கண்ணாடி வில்லையால் மூடி வைத்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் உருண்டைப் புழு முட்டைகள் மிதந்து வில்லையில் ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் மெல்லிய ஓடும், உள்ளே திராட்சைக் கொத்துப் போன்ற செல்களுமாகத் தெரிபவை ஹீமான்கஸ் குடும்பத்து முட்டைகள். இரு முனையிலும் மூடி போட்ட எலுமிச்சை வடிவில் இருந்தால் அது சாட்டைப்புழு முட்டை. தட்டைப்புழு முட்டை கனமானது, உப்பு நீரில் மிதக்காது. அதற்குச் சாதாரண நீரில் கலக்கிப் பலமுறை தெளியவைத்து அடி வண்டலைப் பார்க்க வேண்டும். எண்ணிக் கணக்கிட, 1939இல் சிட்னியில் உருவான மெக்மாஸ்டர் கண்ணாடிச் சட்டம் கல்லூரியில் கிடைக்கக்கூடும். நான்கு கிராம் புழுக்கையை உப்பு நீரோடு சேர்த்து மொத்தம் 60 மில்லிலிட்டராக்கி, சட்டத்தின் இரு கட்டங்களிலும் கண்ட முட்டைகளைக் கூட்டி 50ஆல் பெருக்கினால், ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஹீமான்கஸின் முட்டையையும் அதன் உறவுப் புழுக்களின் முட்டையையும் பார்வையால் பிரிக்க முடியாது. முட்டையை வளர்த்து இளம்புழுவாக்கியோ, டி.என்.ஏ. சோதனை செய்தோதான் பெயர் சொல்ல வேண்டும். மானின் புழுவும் ஆட்டின் புழுவும் ஒன்றே என்று முட்டையை மட்டும் பார்த்து எழுதிய கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அவளும் எழுத வேண்டாம். வளர்க்க நினைக்கும் புழுக்கையைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது, ஹீமான்கஸ் முட்டை குளிரில் செத்துவிடும். டி.என்.ஏ. சோதனைக்கானதை 70 விழுக்காடு எத்தனாலில் இட வேண்டும். மருந்து கொடுப்பதற்கு முந்தின நாள் எடுத்ததும், பதினான்காம் நாள் எடுத்ததும் உங்கள் பட்டியின் ஒவ்வொரு ஆட்டுக்கும் அவளிடம் இருந்தால், மருந்து பலித்ததா என்ற கேள்விக்கான விடையை அவளே எண்ணி மருத்துவருக்குத் தந்துவிடலாம். பொட்டலத்தின் மேல் ஆட்டின் பெயர், தேதி, இமையின் நிறம் மூன்றையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.